பழைய ஜீப்புக்கு வீட்டிலேயே பாகங்கள் செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு மகிந்திரா சி.ஜே. 3பி ஜீப் நிற்கிறது. கடையில் கிடைக்காத பாகங்களை நானே செய்து பொருத்தி அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் பலரும் ஏறத்தாழ ஒரே ஐயங்களுடன் என்னைத் தேடி வருகிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிட்டிருப்பதால், முதல் முறை படிப்பவர்கள் வரிசையாகவே படிப்பது நல்லது.

1. என்னுடையது மகிந்திரா எம்.எம். 540 ஜீப். நீங்கள் சொல்வது பழைய வில்லிஸுக்கு மட்டும்தானா, எனக்கும் பொருந்துமா?

பெரும்பகுதி பொருந்தும். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவில் தயாரான வில்லிஸ் எம்.பி.தான் இந்தக் குடும்பத்தின் மூத்த வண்டி. போர் முடிந்ததும் சி.ஜே. 2ஏ, 1949இல் சி.ஜே. 3ஏ, 1953இல் சி.ஜே. 3பி என அடுத்தடுத்து வந்தன. 3பியின் பானெட் உயர்ந்து நிற்பதற்கு அதன் ஹரிக்கேன் எஞ்சினே காரணம். காற்றை உள்ளே விடும் வால்வுகள் பிளாக்கிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறியதால் எஞ்சினின் உயரம் கூடிவிட்டது. மகிந்திரா 1940களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 3பி 1968இல் நின்ற பிறகும் அந்த உருவம் நம் நாட்டில் பல ஆண்டுகள் நீடித்தது.

தகட்டு வேலை, பிராக்கெட், புஷ் (தண்டு சுழலும் உள்வளையம்), கேஸ்கட் (இரு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தாள்) ஆகியவற்றில் எல்லா மாடல்களுக்கும் ஒரே முறைதான். எம்.எம். 540 பீஜோ டீசல் எஞ்சினுடன் வந்த வண்டி என்பதால் எஞ்சின் பக்கம் மில்லிமீட்டர் மரையும், பழைய வடிவில் தொடர்ந்த பகுதிகளில் அங்குல மரையும் கலந்து இருக்கும். அதை மட்டும் மறக்காதீர்கள்; விவரம் 10ஆம் பதிலில் வருகிறது.

2. சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பழைய பாகம் கிடைக்கிறதே, எதற்காகச் சிரமப்பட்டுச் செய்ய வேண்டும்?

முதலில் அங்கே தேடுங்கள். அதுவே சரியான வரிசை. கியர்பாக்ஸ், ஆக்சில், எஞ்சின் உள்பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. தேனி மாவட்டத்திலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும் கொழுக்குமலைப் பாதையில் ஓடும் ஜீப்புகளும் இருக்கும்வரை அவற்றுக்கான சந்தையும் இருக்கும்.

கிடைக்காதவை சிறிய பொருட்கள்தாம்: முன்கண்ணாடிச் சட்டத்தின் பிடிகள், பெடல் இணைப்புத் தண்டுகள், பேட்டரித் தட்டு, கருவிப்பெட்டி மூடி, இருக்கைச் சட்டம், தரைத் தகட்டின் ஓரங்கள். கிடைத்தாலும், உங்கள் வண்டியில் தேய்ந்த அதே இடத்தில் அதுவும் தேய்ந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து புதுப் பாகம் வரவழைக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவை பெரும்பாலும் இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்காகச் செய்யப்பட்டவை. பெடல், ஸ்டீயரிங் தூண், டேஷ்போர்டு ஆகியவற்றின் துளைகள் நம் வண்டிக்கு எதிர்ப்பக்கமாக வரும்.

3. எதை நானே செய்யலாம், எதைத் தொடவே கூடாது?

ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறேன்: போடிமெட்டு இறக்கத்தில் இது உடைந்தால் வண்டி என்ன ஆகும்? பேட்டரித் தட்டு உடைந்தால் வண்டி நிற்கும். அதை வீட்டில் செய்யலாம். பெடல் தண்டின் புஷ் தேய்ந்தால் ஆட்டம் கொடுத்து முன்கூட்டியே எச்சரிக்கும். அதை அளவெடுத்து லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். டை ராடு (இரு முன்சக்கரங்களையும் இணைத்துத் திருப்பும் தண்டு) உடைந்தால் வண்டி பள்ளத்தில்தான் நிற்கும். அதைச் செய்யவும் கூடாது, வெல்டு வைத்து ஒட்டவும் கூடாது.

ஸ்டீயரிங் இணைப்புகள் அனைத்தும், பிரேக் குழாய், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், சக்கர ஸ்டட், ஸ்பிரிங்கின் யு போல்ட் ஆகியவை இந்தக் கடைசி வகை. ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து வரும் நெம்பான பிட்மேன் ஆர்மைச் சூடுகாட்டி வளைத்துச் சரிசெய்யும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. செந்தணலாகும் வரை சூடாக்கினால் அந்த எஃகுக்குத் தொழிற்சாலையில் கொடுத்த கடினமும் வலுவும் போய்விடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. குளிர்பெட்டிக்குப் பயன்படும் செம்புக் குழாயைப் பிரேக் குழாயாக மாட்டுவதும் அப்படித்தான்: அதிர்வில் செம்பு இறுகி, ஒருநாள் நட்டின் ஓரத்தில் வெடிக்கும். 3/16 அங்குல எஃகுக் குழாயை, முனை இரட்டை மடிப்பாக விரித்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

4. என்னிடம் லேத் இல்லை. குறைந்தபட்சம் எந்தக் கருவிகள் இருந்தால் தொடங்கலாம்?

4 அங்குல ஆங்கிள் கிரைண்டர், கையில் பிடிக்கும் டிரில், நல்ல வைஸ், வெர்னியர் காலிப்பர், மூலைமட்டம், அரங்கள், சென்டர் பஞ்ச், உருண்டைத் தலைச் சுத்தியல், மரைகளை எண்ணும் பிட்ச் கேஜ். வெல்டிங் மெஷின் அதற்குப் பிறகுதான். லேத்தை வாங்குவதைவிட, உங்கள் அளவுத்தாளை மதித்து வேலை செய்யும் ஒரு லேத் பட்டறையைக் கண்டுபிடிப்பது மேல். வைஸிலும் வெர்னியரிலும் மட்டும் காசு பார்க்காதீர்கள். அளவு தவறினால் மற்ற கருவி எதுவும் உதவாது.

5. வரைபடமே இல்லை. அளவை எங்கிருந்து எடுப்பது?

பழைய பாகம்தான் வரைபடம். துருப்பிடித்துப் பாதி உதிர்ந்திருந்தாலும், புதியது வண்டியில் ஏறும்வரை அதைத் தூக்கி எறியாதீர்கள். தேய்ந்த இடத்தில் அளவெடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுப்பீர்கள். ஒரு தண்டில் புஷ் உட்காராத முனை, போல்ட் தலைக்கு அடியில் மறைந்திருந்த பரப்பு, பெயின்ட் உரியாத மூலை ஆகிய இடங்களில்தான் தொழிற்சாலை அளவு மிச்சமிருக்கும்.

இந்த வண்டிகள் அங்குலத்தில் வரையப்பட்டவை. வெர்னியர் 9.4 என்று காட்டினால் அது பெரும்பாலும் தேய்ந்த 3/8 அங்குலம், அதாவது 9.53 மி.மீ.; 44.3 என்றால் 1 3/4 அங்குலம், 44.45 மி.மீ. இப்படி அருகிலுள்ள அங்குலப் பின்னத்துக்குத் திருத்திப் பார்த்தால் வடிவமைத்தவர் நினைத்த அளவு கிடைத்துவிடும். பாகமே இல்லாமல் போயிருந்தால், திருமண அழைப்பிதழ் அட்டை போன்ற கெட்டி அட்டையை வண்டியிலேயே வைத்து வெட்டி மாதிரி செய்யுங்கள். மறுபக்கத்தில் அதன் ஜோடி இருந்தால் அதிலிருந்து எடுத்த மாதிரியைத் திருப்பிப் போட வேண்டும் என்பதை அட்டையின் மேலேயே எழுதி வையுங்கள். அதை மறந்து ஒரே பக்கத்துக்கு இரண்டு பிராக்கெட் செய்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

6. இரும்புக் கடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்கள். எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

எல்லாம் ஒன்றல்ல. பிராக்கெட், ஆங்கிள், பட்டைக்கு ஐ.எஸ். 2062 தரத்து மைல்டு ஸ்டீல் போதும். அது வளையும், வெல்டிங்கை ஏற்கும். பாடித் தகட்டுக்குச் சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய தகடு) கேளுங்கள்: 18 கேஜ் என்பது ஏறத்தாழ 1.2 மி.மீ., 16 கேஜ் 1.6 மி.மீ. பின்கள், தண்டுகள் போன்று கடைய வேண்டியவற்றுக்கு இ.என். 8 என்ற எஃகு ராடு பொருத்தமானது. ஆனால் அதில் கார்பன் 0.4 விழுக்காடு அளவில் இருப்பதால், முன்சூடு கொடுக்காமல் வெல்டு வைத்தால் ஓரத்தில் விரிசல் விடக்கூடும்.

வீடு கட்ட வாங்கிய டி.எம்.டி. முறுக்குக் கம்பியின் மிச்சத்தைத் தண்டாகக் கடைவதைத் தவிருங்கள். அதன் வெளித்தோல் கடினமாகவும் உள்பகுதி மென்மையாகவும் இருக்கும்படி குளிர்விக்கப்பட்டது அது; கடையும்போது வலுவான தோலைத்தான் நாம் எடுத்து எறிகிறோம்.

7. 40க்கு 40 என்று எல் வடிவில் மடித்தால் ஒவ்வொரு முறையும் 3 மி.மீ. கூடுகிறது. எங்கே தவறு?

80 மி.மீ. பட்டை வெட்டியிருப்பீர்கள். மடிப்பு கூர்மூலையாக இல்லாமல் வளைவாக வருவதால் தகடு குறுக்குவழியில் செல்கிறது. அதனால் குறைந்த நீளமே போதும். 1.6 மி.மீ. தகட்டை 1.6 மி.மீ. உள் ஆரத்தில் 90 பாகை மடிப்பதாகக் கொள்வோம். வெளி அளவு 40இலிருந்து தடிமனையும் ஆரத்தையும் கழித்தால் ஒவ்வொரு நேர்ப்பகுதியும் 36.8 மி.மீ. வளைவின் நீளத்துக்கு, ஆரத்துடன் தடிமனில் பத்தில் நான்கு பங்கைக் கூட்டி 1.57ஆல் பெருக்குங்கள்: 1.6 + 0.64 = 2.24, பெருக்கினால் 3.5 மி.மீ. ஆக மொத்தம் 77.1 மி.மீ. வெட்ட வேண்டும்.

அந்தப் பத்தில் நான்கு என்பது தகட்டுக்கும் மடிக்கும் முறைக்கும் ஏற்பச் சற்று மாறும். வைஸில் ஆங்கிள் வைத்து மடிப்பவர்கள் அதே தகட்டின் துண்டு ஒன்றை முதலில் மடித்து அளந்து, தங்கள் கைக்குரிய கழிவைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. துளைகளை மடித்த பிறகே போடுங்கள்.

8. தரைத் தகட்டில் ஒட்டுப் போட்டால் முழுத் தகடும் நெளிந்துவிடுகிறது. என்ன செய்வது?

வெல்டிங்கைத் தொடங்கும் முன்பே பாதி வெற்றி தீர்மானமாகிவிடும். துருவைச் சுத்தியலால் தட்டி, ஒலி கெட்டியாக வரும் இடம்வரை வெட்டி எடுங்கள். மெலிந்த ஓரத்தில் வெல்டு நிற்காது, ஓட்டைதான் பெரிதாகும். தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் தொப்பி வடிவச் சட்டத்தையும் பாருங்கள்; துரு அதன் உள்ளிருந்துதான் மேலே வந்திருக்கும். எம்.பி. மாடலில் அந்தச் சட்டத்துக்குள் மரக்கட்டையே இருந்தது. அது ஈரத்தைக் குடித்துக் குடித்து இரும்பைத் தின்றுவிட்டது. ஒட்டுத் தகடு பழையதன் மேல் ஏறாமல் விளிம்போடு விளிம்பு சேர வேண்டும். மேலேற்றி வைத்தால் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் நீர் தங்கி, சில மழைக்காலங்களில் அதே வேலை திரும்பி வரும்.

விளிம்புகளுக்கிடையே ஏறத்தாழ 1 மி.மீ. இடைவெளி விட்டு நான்கு மூலைகளிலும் பொட்டு (சிறு புள்ளி வெல்டு) வையுங்கள். பிறகு எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி, 25 மி.மீ. இடைவெளியில் பொட்டுகளைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் இடைவெளிகளை நிரப்புங்கள். ஒரே இழுப்பில் கோடு போட்டால் ஒரு பக்கம் மட்டும் சூடாகிச் சுருங்கும். நெளிவு வருவது அதனால்தான். கையால் தொட முடியும்வரை ஆறவிட்டு அடுத்த பொட்டு வைக்க வேண்டும். என் தரைத் தகட்டில் ஓரடி ஒட்டுக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது. 0.8 மி.மீ. கம்பி தானாக வரும் மிக் வெல்டிங் இருந்தால் இந்த வேலை எளிது. ராடு வெல்டிங்கில் 1.2 மி.மீ. தகட்டை ஓட்டையாக்காமல் சேர்க்க நல்ல கைப்பழக்கம் வேண்டும்.

9. வீட்டு மின் இணைப்பில் வெல்டிங் மெஷின் போடலாமா? வேறு என்ன எச்சரிக்கை வேண்டும்?

ஒற்றை பேஸ் இன்வெர்ட்டர் மெஷினில் 2.5 மி.மீ. ராடு 60 முதல் 90 ஆம்பியருக்குள் நன்றாக எரியும். அதற்கு 15 ஆம்பியர் சாக்கெட்டும், 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாத செம்புக் கம்பியும் வேண்டும். நீட்டிப்புக் கம்பியைச் சுருளாக வைத்துப் பயன்படுத்தாமல் முழுவதும் விரித்துப் போடுங்கள். வண்டியில் வெல்டு வைக்கும் முன் பேட்டரியின் இரு முனைகளையும், ஆல்டர்னேட்டர் மாற்றியிருந்தால் அதன் இணைப்பையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டு வைக்கும் இடத்துக்கு மிக அருகில் மாட்டுங்கள். நான் முதலாண்டில் அதைப் பின்சக்கர ஹப்பில் மாட்டிவிட்டு, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் வெல்டு வைத்தேன். மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து ரோலர்களில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்தது. நல்ல பேரிங் ஒன்று போயிற்று.

நாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை வெல்டு வைக்கும் முன் விளிம்புப் பூச்சை அரைத்து நீக்குங்கள். அந்த வெண்புகையை மூச்சில் இழுத்தால் அன்று இரவே குளிர்க் காய்ச்சல் வரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஈரம் இருக்கும் உலோகத்தில் வெல்டு வைத்தால் உயிரையே பறிக்கும் நச்சு வாயு உண்டாகும். பழைய பிரேக் ஷூ, கிளட்ச் தட்டு ஆகியவற்றின் தூசியில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கிரைண்டரின் காப்புத் தகட்டை எக்காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். வேலை முடிந்தபின் அரைமணி நேரம் கொட்டகையிலேயே இருங்கள். சாக்கிலும் மரத்தூளிலும் விழுந்த பொறி மெதுவாகத்தான் பற்றும்.

10. 8 எம்.எம். போல்ட் இரண்டு சுற்று நன்றாகவே ஏறுகிறது. பிறகு இறுகினால் ஸ்பேனரால் ஏற்றிவிடலாம்தானே?

தயவுசெய்து வேண்டாம். பழைய ஜீப்பில் மிகுதியாகப் பாழாகும் இடம் இதுதான். அந்தத் துளை பெரும்பாலும் 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ.; எட்டு மில்லிமீட்டருக்கும் அதற்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மரைக்கு மரை உள்ள இடைவெளி 8 எம்.எம். போல்ட்டில் 1.25 மி.மீ.; 5/16 யு.என்.சி.யில் (அமெரிக்க அங்குலப் பருமரை) அங்குலத்துக்கு 18 மரை என்பதால் 1.41, யு.என்.எஃப்.இல் (அதன் நுண்மரை) 24 மரை என்பதால் 1.06. ஸ்பேனரால் திருகினால் வார்ப்பிரும்பில் உள்ள மரையை அறுத்துக்கொண்டுதான் ஏறும். பிறகு எந்தப் போல்ட்டும் அதில் நிற்காது.

ஹார்டுவேர் கடையில் "அங்குல போல்ட்" என்று கேட்டால் பழைய பிரிட்டிஷ் வகையான விட்வொர்த் மரையைக் கொடுக்கும் வாய்ப்பும் உண்டு. 3/8 அங்குலத்தில் விட்வொர்த்துக்கும் யு.என்.சி.க்கும் அங்குலத்துக்கு 16 மரைதான். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60. ஏறிவிடும், பிடிப்பு குறைவாக இருக்கும். அரை அங்குலத்தில் 12க்கு 13 என எண்ணிக்கையே மாறும். எனவே பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். நீங்களே மரை போடுவதானால் 5/16 யு.என்.எஃப்.க்கு 6.9 மி.மீ., 3/8 யு.என்.எஃப்.க்கு 8.5 மி.மீ. டிரில் சரியாக வரும். பாழான துளையில் கம்பிச் சுருள் மரை, அதாவது ஹெலிகாயில், வைத்து மூல அளவுக்கே திரும்பலாம்.

இன்னொன்று: பழைய மாடல்களில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடமரை கொண்டவை. "திரும்பவில்லை" என்று குழாய் மாட்டி நெம்புவதற்கு முன் எந்தப் பக்கம் திருகுகிறோம் என்று பாருங்கள்.

11. பெடல் ஆடுகிறது. லேத் பட்டறையில் புஷ் கேட்டால் இறுக்கமாகவோ தளர்வாகவோ செய்து தருகிறார்கள். எப்படிச் சொல்ல வேண்டும்?

"இதற்கு ஒரு புஷ்" என்று தண்டைக் கொடுத்தால் அவர் தம் அனுபவத்தில் செய்வார். மூன்று எண்களை எழுதிக் கொடுங்கள்: தண்டின் தேயாத விட்டம், புஷ் உட்காரும் துளையின் விட்டம், நீளம். 25 மி.மீ. அளவிலான தண்டுக்கு உள்ளே 0.02 முதல் 0.06 மி.மீ. இடைவெளி போதும். கன்மெட்டல் புஷ்ஷை அழுத்தி ஏற்றும்போது அதன் உள்விட்டம் சற்றுச் சுருங்கும் என்பதால், கொஞ்சம் குறைவாகக் கடைந்து, ஏற்றிய பிறகு ரீமர் (துளையை நுண்ணளவுக்குச் சீவும் கருவி) ஓட்டிக் கடைசி அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கிரீஸ் துளையும் உள்ளே ஒரு பள்ளமும் கேட்டு வாங்குங்கள். தண்டே முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் புதுப் புஷ் பயன்படாது. 6ஆம் பதிலில் சொன்ன இ.என். 8 ராடில் தண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

12. கேஸ்கட்டை நானே வெட்டலாமா?

தாராளமாக. கேஸ்கட் தாளை உலோகத்தின் மேல் வைத்து உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பில் மெல்லத் தட்டினால் அதுவே வெட்டுக்கோட்டைக் காட்டும். போல்ட் துளைகளுக்குத் தோல் துளைக்கும் பஞ்ச் போதும். இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருப்பதால், எரிபொருள் படும் இடத்தில் பழைய வகைக் கார்க்கும் சாதாரண ரப்பரும் வேண்டாம். எத்தனாலைத் தாங்கும் தாளும், வைட்டான் போன்ற ஹோஸும் வாங்குங்கள்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கப் பேரிங் மூடியிலும், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் மூடிகளிலும் இருக்கும் மெல்லிய தகடுகள் கேஸ்கட் அல்ல. அவை பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கும் ஷிம்கள். எண்ணெய் கசிகிறது என்று அவற்றை எடுத்துவிட்டுத் தாள் வெட்டி வைத்தால் பேரிங் ஆடும் அல்லது எரியும்.

13. பெட்ரோல் டேங்கில் சின்ன ஓட்டைதான். நீர் ஊற்றிக் கழுவிவிட்டு ஒரு பொட்டு வைத்தால் என்ன?

உயிர் போகும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருந்தாலே வெடிக்கும். மடிப்புகளிலும் துருவுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் சில சொட்டுகள் சூடு பட்டதும் அந்த அளவை எட்டிவிடும். கழுவியது, வெயிலில் காயவைத்தது, புகைக்குழாயைச் செருகி ஓட்டியது எதையும் நம்ப முடியாது.

பெட்ரோலே பட்டிராத புதுத் தகட்டில் புது டேங்க் செய்துகொள்வதே வழி. அட்டை மாதிரியும் தகட்டு வெட்டும் மடிப்பும், உள்ளே எரிபொருள் அலைமோதாமல் தடுக்கும் குறுக்குத் தகடும் உங்கள் வேலை. தையலை மட்டும் டிக் (ஆர்கான் வாயு) வெல்டிங் பட்டறையில் கொடுங்கள். இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஓட்டும் பொருள் இது. வந்ததும் 0.2 பாருக்கு மிகாத காற்றழுத்தத்தில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே பூட்டுங்கள்.

14. சேசிஸில் ஸ்பிரிங் தாங்கிக்குப் பக்கத்தில் விரிசல். மேலே ஒரு பட்டையை வைத்து வெல்டு போட்டால் போதுமா?

போதாது. விரிசல் பட்டைக்கு அடியில் தொடர்ந்து ஓடும். முதலில் பெயின்ட்டை நீக்கி, விரிசல் காட்டும் சிவப்புச் சாயம் தெளித்து அதன் நுனி எங்கே இருக்கிறது என்று கண்டறியுங்கள். கண்ணுக்குத் தெரிவதைவிடச் சற்றுத் தள்ளியே இருக்கும். அந்த நுனியில் 3 அல்லது 4 மி.மீ. துளை போட்டால் விரிசலின் கூர்மை மழுங்கி ஓட்டம் நிற்கும். பின் விரிசலை நெடுகிலும் 'வி' வடிவில் அரைத்து, புதிதாகப் பிரித்த பாக்கெட்டிலுள்ள 7018 ராடால் முழு ஆழத்துக்கும் நிரப்பிச் சமமாக அரைக்க வேண்டும். அதன் மேல்தான் வலுவூட்டும் தகடு. தகட்டின் முனைகளைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டுங்கள். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளின் குறுக்கே வெல்டுக் கோடு ஓடக்கூடாது. அங்கேதான் வளைவு விசை மிகுதி. அடுத்த விரிசல் அந்தக் கோட்டிலேயே பிறக்கும்.

வெல்டிங்குக்கு முன்பும் பின்பும் சேசிஸின் மூலைவிட்டங்களை அளந்து ஒப்பிடுங்கள். தளர்ந்த ரிவெட்டு, ஸ்பிரிங் முனையைத் தாங்கி அசையும் ஷாக்கிள் இறுகிப்போனது போன்ற காரணத்தைத் தேடாமல் விரிசலை மட்டும் அடைத்தால் அது வேறு இடத்தில் திரும்ப வரும். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரோ வெல்டோ படவே கூடாது. ராடு வெல்டிங்கில் ஓராண்டுக்குக் குறைந்த பழக்கம் இருப்பவர்கள் அரைக்கும் வேலையை மட்டும் செய்துவிட்டு, நிரப்பும் வேலையைத் தேர்ந்தவரிடம் விடுங்கள்.

15. ஸ்டீயரிங் பெல்கிராங்க் (ஸ்டீயரிங் அசைவைத் திசைமாற்றும் நெம்பு) சுழலும் பின்னை இ.என். 8 ராடில் அரைநாளில் போட்டுத் தருவதாக லேத்காரர் சொல்கிறார். செய்யலாமா?

இதைப் பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், ஏனென்றால் பழைய ஜீப்பின் ஸ்டீயரிங் ஆட்டத்துக்கு அந்தப் பின்தான் முதற்காரணம். அளவில் அவர் சரியாகவே கடைந்து தருவார், குறை கடினத்தில்தான். அங்கே ஊசி ரோலர்கள் பின்னின் மேலேயே நேரடியாக உருளுகின்றன. ரோலர் ஓடும் பரப்பு ராக்வெல் சி என்ற கடினத்தன்மை அளவில் 58க்கு மேல் கடினமாக இருக்க வேண்டும். வெறுமனே கடைந்த இ.என். 8 அதில் பாதியைக்கூட எட்டாது. சில மாதங்களில் ரோலர்கள் அதில் வரிவரியாகப் பள்ளம் தோண்டிவிடும். மேற்பரப்பைக் கடினப்படுத்திப் பிறகு கிரைண்டிங் செய்த பெல்கிராங்க் பின்கள் தனியே விற்பனைக்குக் கிடைக்கின்றன, அவற்றை வாங்குங்கள். 3ஆம் பதிலில் கேட்ட கேள்வியும் இதற்கு அதே விடையைத்தான் தரும்.

பட்டை ஸ்பிரிங்குக்கும் இது பொருந்தும். அந்த எஃகு எண்ணெயில் குளிர்வித்துப் பதப்படுத்தப்பட்டது. அதன் அருகே வெல்டு வைப்பதோ, முனையிலுள்ள வளையத்தைச் சூடுகாட்டி விரிப்பதோ அந்த இடத்திலேயே முறிய வழி செய்வதாகும். உயரம் குறைந்திருந்தால் உலை உள்ள ஸ்பிரிங் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

16. 3டி பிரிண்டரில் பாகம் செய்யலாமா?

வலு தேவைப்படாத குமிழ்களும் மூடிகளும் செய்யலாம், பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும் என்பதால், வெயிலில் நிற்கும் டேஷ்போர்டுக்கு ஏ.பி.எஸ். பயன்படுத்துங்கள். எனக்கு அதைவிடப் பயனாகத் தோன்றுவது, பிரிண்ட் செய்ததை மணல் வார்ப்புக்கு அச்சாகக் கொடுப்பது. கோவையில் சிறு எண்ணிக்கைக்கும் அலுமினியம் ஊற்றித் தரும் வார்ப்படப் பட்டறைகள் இருக்கின்றன. அலுமினியம் ஆறும்போது ஏறத்தாழ 1.3 விழுக்காடு சுருங்கும்; 200 மி.மீ. அச்சு கொடுத்தால் 197.4தான் கிடைக்கும். பழைய பாகத்தையே அச்சாகக் கொடுத்தவர்களுக்குத் துளைகள் பொருந்தாமல் போவது இதனால்தான். கணினியில் அந்த அளவு பெரிதாக்கி, கடைய வேண்டிய முகங்களில் 3 மி.மீ. கூடுதலாகவும் விட்டு அச்செடுங்கள்.

17. இவ்வளவும் செய்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சிக்கல் வருமா?

பழுதான பாகத்தை அதே வடிவில் மாற்றுவது வேறு, வண்டியை மாற்றுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். முன்னால் கம்பித் தடுப்பு வைப்பதற்கு 2017 டிசம்பரிலேயே தடை வந்துவிட்டது. அதைச் செய்து தரச் சொல்லி என்னிடம் வருபவர்களுக்கு நான் மறுத்துவிடுகிறேன்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் தனி விதிகள் வந்தன. 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட பதிவெண்ணும் பத்தாண்டுச் செல்லுபடியும் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தாலும் அந்தப் பதிவு கிடைக்காது. அதை நாடுபவர்கள் அடைப்பு, ஒட்டு, மறுதயாரிப்பு அனைத்தையும் மூல வடிவத்துக்குள்ளேயே செய்து, ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வையுங்கள்.

18. என் அப்பா காலத்தில் தோட்டத்து மெக்கானிக் செய்த ஒட்டுவேலைகள் வண்டி முழுக்க இருக்கின்றன. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மூல வடிவத்துக்குப் போக வேண்டுமா?

முதலில் 3ஆம் பதிலின் கேள்வியை அவற்றிடமும் கேளுங்கள். ஸ்டீயரிங்கிலும் பிரேக்கிலும் அப்படி ஒரு வேலை இருந்தால் இன்றே கழற்றிவிட வேண்டும். அதில் பாசத்துக்கு இடமில்லை. ஆனால் சாக்கு மூட்டை சரியாமல் இருக்கப் பின்பக்கத்தில் வைத்த கொக்கி, மழைநீர் வழிய டேஷ்போர்டின் மேல் மடித்த தகடு போன்றவை அந்த வண்டி எந்த மலையில் என்ன வேலை செய்தது என்பதன் பதிவு. உறுதியாக இருந்தால் நான் அவற்றை எடுப்பதில்லை. 17ஆம் பதிலில் சொன்ன தனிப் பதிவுக்குப் போகிறவர்கள் மட்டும் அவை பெரிய மாற்றமாகக் கருதப்படுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுக்க வேண்டியிருந்தால், அந்தப் பாகத்தையும் அது இருந்த இடத்தின் படத்தையும் ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். உங்கள் கையால் செய்த ஒவ்வொரு பாகத்திலும், வெளியே தெரியாத பக்கத்தில், பெயின்ட் அடிக்கும் முன்பு எண் பஞ்சால் மாதத்தையும் ஆண்டையும் குத்திவிடுங்கள். அடுத்து அந்த வண்டியைப் பிரிப்பவர் உங்கள் பிராக்கெட்டைத் தொழிற்சாலைப் பாகம் என்று எண்ணி அதிலிருந்து அளவெடுக்காமல் இருப்பார்.